ஐந்து வாய்க்கு எத்தனை செடி?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நாமோ இன்று கொல்லைப்புறத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். உப்பலில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பின்புறம் சிறிது மண் இன்னும் எஞ்சி நிற்கிறது. அதனையும் சிமெண்டால் மூடிவிடலாமா, அன்றித் தோட்டமாக்கலாமா என்பது பல குடும்பங்களில் எழும் கேள்வி. "போட்டுப் பார்த்தோம், பயனில்லை" என்று சலித்துக் கொள்வோரே மிகுதி. ஆராய்ந்து பார்த்தால், அவர்களுள் பலருக்கு மண்ணும் பொய்க்கவில்லை, மழையும் பொய்க்கவில்லை, கணக்குத்தான் பொய்த்திருக்கிறது. இருக்கைகளை எண்ணாமல் பயணச்சீட்டு விற்றால் வண்டியில் என்ன நேருமோ, அதுவே செடிகளை எண்ணாமல் விதைத்த தோட்டத்திலும் நேரும்.

இக்கணக்கை ஒரு தேசமே முறையாகப் போட்டுப் பார்த்த காலம் ஒன்று உண்டு. 1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, இங்கிலாந்துக்கு உணவு கொண்டு வந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. உடனே அந்நாட்டு வேளாண்மை அமைச்சகம், 'வெற்றிக்காக மண்ணைத் தோண்டு' என்னும் பொருள்பட ஓர் இயக்கத்தைத் தொடங்கித் துண்டு வெளியீடுகளை வீடுதோறும் பரப்பிற்று. அவற்றுள் ஒன்று, 90 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள தோட்டத்துக்கான வரைபடமாகும். நிலத்தை மூன்று பாகமாகப் பிரித்து, ஒன்றில் அவரை, பட்டாணி, வெங்காயம் முதலியவற்றையும், ஒன்றில் உருளைக்கிழங்கும் பிற கிழங்குகளும், மற்றொன்றில் பனிக்காலத்துக்கு உதவும் கோசு வகைகளையும் இட்டு, ஆண்டுக்காண்டு இடம் மாற்றி மூன்றாண்டில் ஒரு சுற்று முடியுமாறு அமைத்திருந்தனர்.

90 அடிக்கு 30 அடி என்றால் 2,700 சதுர அடி. அதாவது 300 சதுர கெஜம். ஐதராபாத்தில் மனை வாங்குவோர் கெஜக் கணக்கில் பேசுவது நாம் அறிந்ததே. உப்பலில் 300 கெஜம் என்றால் ஒரு நல்ல வீட்டு மனை! வீடும் கிணறும் வாசலும் சேர்ந்து அடங்கும் இடத்தை அவர்கள் காய்கறிக்கே ஒதுக்கினர். ஆகவே அவ்வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள நம்மால் இயலாது. எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் கணக்கு முறை. வரிசையின் நீளத்தைச் செடிக்குச் செடி விடும் இடைவெளியால் வகுக்க வேண்டும். வந்த எண்ணை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். 30 அடி வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒரு கோசு என்றால் இருபது கோசு. வரிசையின் இரு முனைகளிலும் அரை இடைவெளி விட்டுவிட்டால் எண்ணிக்கை பிசகாது.

அவ்வரைபடத்தில் நாம் கற்க வேண்டிய நுட்பம் மற்றொன்றும் உண்டு. தோட்டம் போடுவோர் விளைச்சல் மிகும் மாதத்தையே எண்ணி மகிழ்வது இயல்பு. அவர்களோ பனி உறையும் மாதங்களில் குடும்பம் எதை உண்ணும் என்று எண்ணி, அதற்காகவே மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கினர். நமக்குப் பஞ்ச மாதம் பனிக்காலமன்று, சித்திரையும் வைகாசியுமே.

நம் நாட்டிலும் 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபின் 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் எழுந்தது. அப்பெயராலேயே ரயில்வேயின் காலி நிலங்களைக் கடைநிலை ஊழியர்களுக்குப் பயிரிட உரிமம் கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. தண்டவாளத்தோரம் கீரைப் பாத்திகளைக் கண்டிராத பயணி யார்?

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நமக்கு அருகே தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918இல் நம் குன்னூரில் ஒரே அறையில் தொடங்கிய ஆய்வகமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. அதுவும் நம்மைப் போலத் தமிழ் மண்ணிலிருந்து வந்து குடியேறியதுதான்! அந்நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி வேண்டும் என்கிறது. ஐவர் உள்ள குடும்பத்துக்கு நாள்தோறும் இரண்டு கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. நம் கொல்லையோ பெரும்பாலும் 20 அடிக்கு 15 அடி, அதாவது 300 சதுர அடி. முழுத் தேவையும் அதில் விளையாது. ஆகவே வாடாமல் உடனே சமைக்க வேண்டியவற்றையும், அடிக்கடி உண்பவற்றையும் மட்டும் தேர்ந்துகொள்வோம்.

முதலாவது கீரை. முளைக்கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். பத்து, பதினோரு சதுர அடியில் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். 20 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்தியை ஆறு பங்காக்கி, ஐந்து நாளுக்கு ஒரு பங்கு வீதம் விதைத்தால், மாதம் முழுவதும் ஐந்து நாளில் இருமுறை கீரை சமைக்கலாம். ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைத்தால் ஒரு வாரம் தெருவுக்கே கீரை வழங்கிவிட்டு, மூன்று வாரம் கடைக்கு நடக்க நேரிடும். மூசி ஆற்றங்கரையில் நகரத்துக் கழிவுநீர் பாய்ந்து கீரை விளைவதையும் எண்ணினால், இந்த ஒரு பாத்தியின் அருமை விளங்கும்.

இரண்டாவது வெண்டை. பலர் பத்துச் செடி வைத்துவிட்டு, நாளுக்கு நாலு காய் என்று நொந்து கொள்வர். ஒரு செடி தன் வாழ்நாளில் தருவது ஏறத்தாழ 150 கிராமே. வாரம் ஒரு கிலோ வீதம் ஏழு வாரத்துக்கு ஏழு கிலோ வேண்டுமென்றால் நாற்பத்தேழு செடி வேண்டும். பூச்சிக்கும் பழுதுக்கும் ஈடு சேர்த்து ஐம்பத்தைந்து எனக் கொள்வோம். ஒன்றரை அடி இடைவெளியில் மூன்று வரிசை, வரிசையில் அடிக்கு ஒரு செடி என்றால் அறுபது குழிகள். குழிக்கு இரண்டு விதை ஊன்றி, முளைத்தபின் வலுவான ஒன்றை நிறுத்துக. பத்துக் கிராம் விதை போதும்.

மூன்றாவது கத்தரி. ஒரு செடி பருவம் முழுவதும் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை தரும். வாரம் ஒரு கிலோ வீதம் பன்னிரண்டு வாரத்துக்குப் பத்துச் செடி. ஈடு சேர்த்துப் பன்னிரண்டு. இரண்டடிக்கு இரண்டடி விட்டு இரண்டு வரிசையாக நட்டால் 12 அடி நீளம் போதும். எஞ்சிய 8 அடியில் தக்காளி நான்கும் மிளகாய் நான்கும் அடங்கும்.

அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். கீரைக்கு 4 அடி, வெண்டைக்கு நாலரை, கத்தரிக்கு 4, நடைபாதைகளுக்கு ஒன்றரையும் ஒன்றும். ஆக மொத்தம் 15 அடி. கணக்கு நேராயிற்று. புடலைக்கும் பீர்க்குக்கும் இரண்டிரண்டு கொடி போதும். பொட்டல விதை முழுவதும் ஊன்றுவது வீண். பந்தலை வடக்கு ஓரத்தில் அமைத்தால் அதன் நிழல் மற்றப் பயிர்மேல் விழாது. கறிவேப்பிலை ஒன்று, முருங்கை ஒன்று. அடுத்த பருவத்தில் கத்தரியின் இடத்துக்குக் கீரையையும், கீரையின் இடத்துக்குக் கத்தரியையும் மாற்றுக. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குலம். ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் நட்டால் நோயும் அங்கேயே தங்கும்.

பருவத்தையும் கருதல் வேண்டும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையை நம்பிப் பழகியவர்கள் நாம். இங்கு மழையின் பெரும்பகுதி ஆனி முதல் புரட்டாசிக்குள் பெய்து தீர்ந்துவிடும். ஆடிப் பட்டம் இங்கும் பட்டந்தான். அதன்பின் வருவது குடத்துத் தண்ணீர்க் காலம்.

அக்குடத்தையும் எண்ணுவோம். கடுங்கோடையில் 300 சதுர அடி முழுவதும் நனைய நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 லிட்டர், அதாவது பதினோரு குடம் வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் வீட்டில் அச்சுமை யார் தலையில் விழும்? தாய்மார்கள் தலையில்தான். ஆகவே கோடையில் கீரைப் பாத்தியையும் கொடிகளையும் மட்டும் காத்து, மற்ற இடத்தைச் சருகு மூடி ஓய்வாக விடுக. பாத்திக்கு மூன்று குடம் போதும். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் அதில் ஒரு பகுதியைத் தந்துவிடும். காய்கறி விலை ஏறி நிற்கும் அந்த மாதங்களில் கீரை மட்டும் தவறாமல் இலையில் விழுமாயின், தோட்டம் தன் கடமையைச் செய்ததாகும். மண்ணில்லாத அடுக்கு வீட்டாருக்கும் மாடியில் இதே கணக்குத்தான். தொட்டியின் பரப்பை அளந்து வகுத்தால் விடை வரும்.

பெரியோர்களே, பிறந்த ஊரின் தோட்டங்களை நாம் தூக்கி வர இயலவில்லை. நம் பிள்ளைகளோ கத்தரியைக் கடைத் தட்டில் மட்டுமே கண்டு வளர்கின்றனர். வரும் ஆடி பிறக்குமுன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாய்களை எண்ணுங்கள், வாரத் தேவையை எழுதுங்கள், ஒரு செடி தருவதால் வகுங்கள், ஈட்டைச் சேருங்கள், நிலத்தில் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் அறிந்த பிள்ளைகளிடமே அப்பொறுப்பைக் கொடுங்கள். கணக்கும் கைக்கு வரும். காயும் இலைக்கு வரும்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் இல்லங்கள்!