எதிர்ப்பதிவு: மாரி செல்வராஜின் படங்களை முன்வைத்து

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாரி செல்வராஜ் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மாலை போட நான் வரவில்லை. அதுக்கு வேற ஆட்கள் இருக்காங்க. 2018 முதல் 2025 வரை வந்த ஐந்து படங்கள் நமக்கு எதைத் தந்திருக்கின்றன, எதைத் தரமுடியாது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆள் நம்ம ஆத்துக்கரை ஆள்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் புளியங்குளம். சின்ன வயசில் வாழைத்தார் சுமந்தவர். திருநெல்வேலி சட்டக்கல்லூரியில் படித்தவர். பிறகு சென்னை, இயக்குநர் ராமிடம் பல வருசம் உதவி இயக்குநர். படமெடுப்பதற்கு முன்பே எழுத்துக்கு வந்துவிட்டார். அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்'.

அந்தப் பெயரைக் கொஞ்சம் யோசியுங்கள். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது. கேட்டது என்ன? கூலி உயர்வு, சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலை. கிடைத்தது தடியடி. ஆற்றுக்குள் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. நீதிபதி மோகன் கமிஷன், பெரும்பாலானோர் தண்ணீரில் மூழ்கிச் செத்ததாக எழுதி வைத்தது.

நான் பேங்க் கிளார்க். எங்க தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேரேட்டில் தப்பான பதிவு விழுந்துவிட்டால் அழிக்கக் கூடாது. அதற்கு எதிராக இன்னொரு பதிவு போட்டுத்தான் நேர் செய்யவேண்டும். 'மூழ்கிச் செத்தார்கள்' என்று அரசு எழுதிய ஏட்டில், 'கொல்லப்படாதவர்கள்' என்ற ஒரே சொல் மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லிவிடுகிறது. அது எதிர்ப்பதிவு. அவருடைய படங்களையும் இப்படித்தான் நான் பார்க்கிறேன்.

'பரியேறும் பெருமாள்' (2018), பா. ரஞ்சித்தின் தயாரிப்பு. தெக்கத்திச் சீமை என்றால் அரிவாளும் மீசையும் என்றே நமக்குக் காட்டி வந்தார்கள். இங்கே அதே சீமையில் ஒரு பையன் சட்டம் படிக்க வருகிறான். இங்கிலீஷ் புரியாமல் முழிக்கிறான். பெண் வேடமிட்டு ஆடும் அவனுடைய அப்பாவின் வேட்டியை உருவி ஓடவிடுகிறார்கள். அந்த அப்பாவாக வந்தவர் தங்கராசு, நிஜமாகவே கூத்துக் கலைஞர். கடைசியில் ரெண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. சமரசம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரே பெஞ்சில் ரெண்டு கிளாஸ் இருக்கு. பேச்சு இன்னும் முடியல. அவ்வளவுதான் அந்தக் காட்சி.

'தேவர் மகன்' (1992) படத்தின் இசக்கியை நினைவிருக்கிறதா? எசமானுக்காகக் கையிழந்து சிரித்த வடிவேலு. 'மாமன்னன்' (2023) படத்தில் அதே வடிவேலு தனித்தொகுதி எம்.எல்.ஏ. அங்கேயும் முதல் கேள்வி, உட்கார நாற்காலி உண்டா என்பதுதான். முப்பத்தொரு வருசம் கழித்துப் போட்ட எதிர்ப்பதிவு இது.

'வாழை'யில் (2024) தார் சுமக்கும் பிள்ளைகளின் கழுத்துவலி. 'பைசன்' (2025) படத்தில் மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு கபடிக்காரன். சாப்பிடும் வாழைப்பழத்துக்குப் பின்னால் ஒரு லாரி விபத்தும், கழுத்தில் விழுந்த பதக்கத்துக்குப் பின்னால் ஊர்ப்பகையும் இருப்பதைத் தமிழ்நாடு பார்த்தது.

இனி, தரமுடியாததைப் பேசுவோம். 'கர்ணன்' (2021). பஸ் நிற்காத ஊர், காலைக் கட்டிவிட்ட கழுதை, தலைப்பாகையைக் கழற்றாததற்காக அடிபடும் பெரியவர்கள். நாம் எல்லோரும் அதைக் கொடியங்குளம் என்றே பார்த்தோம். கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31. வீட்டுச் சாமான்களை உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களைக்கூட விட்டு வைக்கவில்லை. படத்திலோ முதலில் 1997 என்று போட்டார்கள். அப்போது தி.மு.க. ஆட்சி, சம்பவம் நடந்ததோ அ.தி.மு.க. ஆட்சியில். ஆட்சேபம் வந்ததும் '1990களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். இரண்டிலும் 1995 இல்லை.

புனைவுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. இயக்குநரைக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் யோசியுங்கள். இருபது வருசம் கழித்து ஒரு பிள்ளை கொடியங்குளத்தைப் பற்றி எங்கே தெரிந்துகொள்ளும்? படத்தில்தான். வலி பத்திரமாக இருக்கும், வருசம் இருக்காது. வருசம் போனால் அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர் யார், உத்தரவு போட்டவர் யார் என்பதும் சேர்ந்து போய்விடும். ஆதிக்கத்துக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சினிமா கோடிக்கணக்கில் பணம் கேட்கிற தொழில். தணிக்கை, தியேட்டர், கட்சி எல்லாவற்றையும் தாண்டித்தான் வெளியே வரவேண்டும். நம்ம நோட்டுப் புத்தகத்துக்கு அந்தத் தடை ஏதும் கிடையாது. கொடியங்குளத்தில் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்த அம்மாக்களுக்கும், தாமிரபரணியில் இருந்து கரையேறியவர்களுக்கும் வயசாகிக்கொண்டே போகிறது. மாணவத் தோழர்கள் ஆளுக்கு ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். போய் உட்காருங்க, அவங்க சொல்லச் சொல்ல எழுதுங்க. தேதி, நேரம், உடைந்த சாமான், வந்த அதிகாரி, கிடைத்த நிவாரணம், கிடைக்காத நிவாரணம், எல்லாவற்றையும். சொன்னவர் சம்மதித்தால் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.

மாரி செல்வராஜ் அவர் பதிவைப் போட்டுவிட்டார். தேதி போடுகிற வேலை நம்முடையது.