தோல் கொடுத்தவரின் பாட்டு

மேடையில் பிறந்து, மேடை கலைந்த பிறகும் நிலைத்த பாட்டுகள் என்று பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் முதலில் வந்து நிற்பது ‘வள்ளி திருமணம்’தான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுத, எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாட, ஊர் ஊராக மக்கள் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட நாடகம் அது. அதைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. பேரணாம்பட்டில் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று உண்டு: கோபாலகிருஷ்ண பாரதியின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிட்டே பேர் வாங்கிய வட்டாரம் இது. தோல் கொடுத்த ஒருவர் கதாநாயகனாக நின்று பாடும் பாட்டுகளை இங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது?

தோல் கொடுத்தவர் என்பது அலங்காரப் பேச்சு அல்ல. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த சிவனடியார் நந்தனாரின் தொண்டு என்ன என்று சேக்கிழாரின் பெரியபுராணம் பொருள் பொருளாகச் சொல்கிறது. பேரிகைகளுக்குப் போர்த்தும் தோல், இழுத்துக் கட்டும் வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அர்ச்சனைக்குக் கோரோசனை. அத்தனையும் கோயிலுக்குள் போகும். கொடுத்தவர் வாசலோடு நிற்பார்.

சேக்கிழாரிடம் இல்லாத ஒருவரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதைக்குள் கொண்டுவந்தார். நந்தனைப் பண்ணையில் வேலை வாங்கும் வேதியர்தான் அவர். சிதம்பரம் போய்வர விடை கேட்கும் ஆளிடம், நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போ என்கிறார். அடியாருக்கும் ஆண்டவனுக்கும் இடையே நடந்த புராணம், பண்ணையாருக்கும் கூலியாளுக்கும் நடுவே லீவு கேட்கும் கதையாக மாறிய இடம் அது. நாடகம் பிறந்ததும் அங்கேதான். இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கியதை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். பண்டிதர் தயங்கினாலும் ஜனங்கள் தயங்கவில்லை. ஒருவரே எல்லாப் பாத்திரங்களாகவும் மாறிக் கதை சொல்லிப் பாடும் காலட்சேபத்துக்காக எழுதப்பட்டதைப் பின்னாளில் நாடகக் கம்பெனிகளும் சினிமாவும் எடுத்துக்கொண்டன.

இந்தக் கீர்த்தனைகளில் இரண்டை மட்டுமாவது நின்று கேட்க வேண்டும். ‘வழிமறைத்திருக்குதே’ திருப்புன்கூர்ச் சிவன் கோயில் வாசலில் பாடப்படுவது. உள்ளே போக உரிமையில்லாதவர் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறார்; நந்தி குறுக்கே படுத்திருக்கிறது. கச்சேரியில் இதை நாட்டைக்குறிஞ்சியில் உருக்கமாகப் பாடுகிறார்கள். உருக்கம் இருக்கட்டும். கதையோடு சேர்த்துக் கேட்டால், தான் நிற்க விடப்பட்ட இடத்திலிருந்து எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒருவர் கணக்குச் சொல்வது கேட்கும். குற்றம் சாட்டப்படுவது மாடு. மாட்டுக்குப் பின்னால் தெரு எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்பதைப் பாட்டு சொல்லாமல் சொல்கிறது.

‘வருகலாமோ’ இன்னும் நுட்பமானது. மாஞ்சி ராகத்தில் பாடப்படும் அந்தப் பாட்டு முழுக்க, உன்னருகே வரலாமா என்று நந்தன் இறைவனிடம் கேட்கும் கேள்வி. பதில் வந்தால்தான் கதை மேலே நடக்கும். சபா மேடையில் துக்கடாவாகப் பாடிக் கைதட்டல் வாங்கும்போது, கேட்டவர் யார், யாரிடம் கேட்டார் என்பதெல்லாம் உதிர்ந்து ராகம் மட்டும் மிஞ்சுகிறது. இந்தப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் சூழக் கர்ணன் பாடும்போது கதை நிற்பதில்லை, பாட்டிலேயே நடக்கிறது. நந்தனாரையும் அந்தக் காதோடு கேட்பதே முறை.

கேட்கக் கூசும் பாட்டு ஒன்றும் நந்தனார் கீர்த்தனையில் உண்டு. உனக்கு எதற்கு மார்கழித் திருநாள் என்று வேதியர் நந்தனின் சாதியையும் சாப்பாட்டையும் சொல்லி ஏசும் பாட்டு. மெட்டோ ஒரு தரம் கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். அதே வர்ணமெட்டில் சுப்பிரமணிய பாரதி ஒரு பாட்டு எழுதினார். சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுவதாக அமைந்த பாட்டு அது. வேதியர் இருந்த இடத்தில் வெள்ளைக்காரன், நந்தன் இருந்த இடத்தில் நாடு. நந்தனை ஏசியதைக் கேட்டு ரசித்தவர்களும் ஏச்சு வாங்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். தமிழில் மேடைப் பாட்டு ஒன்றுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான மறுவாசிப்பு இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இப்படி ஒன்று நடந்தது. 1927இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘ஷோ போட்’ இசைநாடகத்தில், மூட்டை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி ஜோ மிசிசிப்பி ஆற்றைப் பார்த்துப் பாடும் ‘ஓல் மேன் ரிவர்’ உலகப் புகழ் பெற்றது. இசை ஜெரோம் கெர்ன், வரிகள் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன், இருவரும் வெள்ளையர். 1928இல் லண்டன் மேடையிலும் 1936இல் படத்திலும் அதைப் பாடிய பால் ரோப்சன், பின்னாளில் தன் கச்சேரிகளில் வரிகளை மாற்றினார். அலுப்பும் அச்சமும் சொன்ன இடத்தில் சாகும்வரை போராடுவேன் என்றார். எழுதியவர் ஒருவர், பாட்டில் வாழ்பவர் வேறொருவர் என்னும்போது, பாட வருபவர் பேனாவையும் எடுத்துக்கொள்வார்.

தமிழ்நாட்டு நந்தனுக்கு அப்படி ஒரு ரோப்சன் வாய்க்கவில்லை; குரல்கள் என்னவோ அருமையானவை. கிட்டப்பா 1933இல் மறைந்தபின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாள், 1935இல் வந்த நந்தனார் படத்தில் ஆண் வேடமிட்டு நந்தனாக நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்நாளில் நம்ப முடியாத தொகை. வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது. தேவாரம் பாடிப் பழகிய குரலோடு எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாக நின்றார். அந்தப் படத்துக்குக் கோலார் தங்கவயலில் தலித் மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர்கள் நிறைந்த ஊர் அது. பேரணாம்பட்டிலிருந்து மலையேறினால் எட்டிவிடும் தூரம். சென்னை உருகிப் பார்த்த கதையைச் சுரங்கத் தொழிலாளி வேறு கண்ணால் பார்த்தார் என்பதில் வியப்பென்ன? 1978இல் இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகத்தில், சிதம்பரம் கோயிலுக்குள் போக நந்தன் நெருப்பில் இறங்கும் முடிவை அற்புதமாக அல்ல, சூழ்ச்சியாகவே காட்டினார்.

தோல் விஷயமும் முடிந்துபோன பழங்கதை இல்லை. இந்தக் கீர்த்தனைகளுக்குப் பக்கத்தில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கு இன்றும் பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்யும் கைகளில் பெரும்பாலானவை தலித் கிறிஸ்தவர்களுடையவை. அவர்களைப் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளியானபோது, விழாவுக்கு இடம் தருவதாக இருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்துவிட, விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் 1942 படத்தின் தேசிகர். ஆனால் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் அதற்குப் பாட்டு எழுதியிருக்கிறார்கள். கோபாலகிருஷ்ண பாரதியுடையது எது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அடுத்து, கச்சேரிப் பதிவில் ‘வருகலாமோ’. அதன்பின் சுப்பிரமணிய பாரதியின் உத்தியோகஸ்தன் பாட்டை நந்தனார் மெட்டிலேயே யாரையாவது பாடச் சொல்லிக் கேட்கலாம். ரோப்சனின் 1936 படப் பாட்டையும் பிற்காலக் கச்சேரிப் பதிவு ஒன்றையும் கடைசியில் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், மாறிய வரிகள் எவை என்பது ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் பிடிபட்டுவிடும்.