அடுத்த அடுப்பு யாருக்கு முதல்ல?

(கப்பலூர் கிளைக் கூட்டத்தில் ஐ.டி. விங் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க வார்டு குரூப்ல பகிருங்க.)



சிலிண்டர் விலை ஏறிப்போச்சுன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கினா கைதட்டல் கிடைக்கும். ஆனா அடுத்த பத்து வருஷத்துல நம்ம அடுப்புல என்ன எரியப் போகுது, அதுக்கான காசு யார் தலையில விழப் போகுதுன்னு யோசிச்சாகணும்.

கேஸ் வந்ததை நாம குறை சொல்லல. சீமைக்கருவேல விறகை ஊதி ஊதிக் கண்ணு எரிஞ்ச காலத்தை நம்ம அப்பத்தாமார்கிட்ட கேளுங்க. தமிழ்நாட்டுல 2006-க்குப் பிறகு வந்த இலவச கேஸ் அடுப்பும், 2016 மே 1-ல தொடங்கின உஜ்வலாவும் நல்ல திட்டங்கள்தான். முதல் சிலிண்டர் வீட்டுக்கு வந்துருச்சு. பிரச்சினை அடுத்த சிலிண்டர்ல.

உஜ்வலா இணைப்பு நாடு முழுக்க 10 கோடியைத் தாண்டியாச்சு. ஆனா 2023-24-ல அந்த வீடுகள் சராசரியா வாங்கினது வருஷத்துக்கு 4 சிலிண்டருக்கும் குறைவு. நாலு பேர் இருக்கிற வீட்டுல அது வருஷம் பூரா பத்துமா? மிச்ச நாள்ல திரும்பவும் விறகுதான்.

ஏன் இப்படி? 2015 ஜனவரியிலிருந்து முழு விலையைக் கட்டி வாங்கணும், மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும்னு ஆக்கினாங்க. 2020-ல பெரும்பாலான வீடுகளுக்கு அந்த மானியமும் நின்னு போச்சு. 2023 மார்ச்ல சென்னை விலை 1,118 ரூபாய் 50 காசு. ஆகஸ்ட்ல 200 ரூபாய் குறைச்சாங்க. 2024 மார்ச்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னாடி, இன்னொரு 100 குறைச்சாங்க. தேர்தல் முடிஞ்சு, 2025 ஏப்ரல்ல 50 ஏத்திட்டாங்க. இங்க மாநிலத்துல, சிலிண்டருக்கு 100 ரூபாய் மானியம்னு 2021 தேர்தல் அறிக்கையில தி.மு.க. சொன்னதும் நமக்கு மறக்கல.

நம்ம கப்பலூர்லயே இண்டேன் சிலிண்டர் நிரப்பும் ஆலை இருக்கு. நிரப்புறது நம்ம ஊர்ல, ஆனா விலைக்கு அடிப்படை சவுதி அராம்கோ மாசாமாசம் அறிவிக்கிற விலை. நாட்டுக்குத் தேவையான எல்.பி.ஜி.யில ஏறக்குறைய 60 சதவீதம் இறக்குமதி. அதுல பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து ஹோர்முஸ் நீரிணை வழியா வருது. அங்க ஒரு பதற்றம்னா திருமங்கலத்துல உலை கொதிக்காது.

சரி, மாற்று என்ன? ரெண்டு இருக்கு.

முதலாவது, குழாய் கேஸ். மதுரைப் பகுதிக்கான உரிமம் 2022-ல 11-வது சுற்று ஏலத்துல இந்தியன் ஆயிலுக்குப் போச்சு. குழாய்ல வர்றது மீத்தேன். காத்தை விட லேசு, கசிஞ்சா மேல போயிரும். எல்.பி.ஜி. கனம், தரையில தேங்கும். அந்த வகையில குழாய் பாதுகாப்பு. மீட்டர்படி எரிச்ச அளவுக்குப் பிறகு பணம் கட்டலாம், ஒரே நாள்ல மொத்தமா எடுத்து வைக்க வேண்டாம். ஆனா இயற்கை எரிவாயுவுலயும் கிட்டத்தட்ட பாதி இறக்குமதிதான். அதனால குழாய் வந்தா விலைக் கவலை தீர்ந்துதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ரெண்டாவது, இண்டக்‌ஷன். ஒரு 14.2 கிலோ சிலிண்டர் பாத்திரத்துக்குக் கொடுக்கிற சூட்டை இண்டக்‌ஷன்ல எடுக்க சுமார் 145 யூனிட் ஆகும். யூனிட் 5 ரூபாய்னு வெச்சா 725 ரூபாய். லாபம் மாதிரி தெரியும். ஆனா அந்த யூனிட் உங்க பில்லை அடுத்த ஸ்லாப்புக்குத் தள்ளிட்டா கணக்கே தலைகீழ். அதோட 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். லைன் வீட்டுல இருக்கிற 6 ஆம்பியர் பிளக் தாங்காது, கருகிரும். அலுமினியச் சட்டி, மண்சட்டி, பித்தளை எதுவும் அதுல சூடாகாது. காந்தம் ஒட்டுற பாத்திரம் வேணும்.

இப்ப யோசிங்க. குழாய் முதல்ல எங்க போகும்? ஒரே இடத்துல நூறு மீட்டர் கிடைக்கிற அப்பார்ட்மெண்ட்டுக்கு. இண்டக்‌ஷன் யாருக்கு வசதி? மாடியில சோலார் போட்ட சொந்த வீட்டுக்காரங்களுக்கு. கடைசி வரைக்கும் சிலிண்டரை நம்பி நிக்கப் போறது வாடகை வீட்டுல இருக்கிற சிட்கோ தொழிலாளி. வசதியானவங்க வெளியேறின பிறகு, சிலிண்டர் விலையைக் கேட்டுக் குரல் கொடுக்கவும் ஆள் இருக்காது. இதுதான் வரப்போற ஆபத்து.

டோல்கேட்டுக்கு எதிரா இந்தப் பகுதி மக்கள் வருஷக்கணக்கா போராடுறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. உள்ளூர்க்காரன்கிட்ட சுங்கம் கேட்காதேன்னு சொல்லத் தெரிஞ்ச நமக்கு, அடுப்புக்கு மேல வெச்ச சுங்கத்தைக் கேட்கத் தெரியாதா?

நம்ம கோரிக்கை மூணு.

ஒண்ணு: மானியத்தை பில்லிலேயே கழிக்கணும். முழுப் பணம் கையில இல்லாத வீட்டுக்கு, பிறகு வர்ற மானியத்தால பிரயோஜனம் இல்ல.

ரெண்டு: குழாய் கேஸ் எந்த வார்டுக்கு எப்போன்னு அட்டவணை வெளியிடணும். குடியிருக்கிறவர் பேர்லயே, வாடகை ஒப்பந்தத்தை வெச்சு இணைப்பு தரணும்.

மூணு: மின்சாரத்துல சமைக்கிற ஏழை வீடுகளுக்கு, சமையலுக்கான யூனிட்டால ஸ்லாப் ஏறாம மின்வாரியம் வழி செய்யணும். வயரிங் மாத்த உதவித்தொகையும் வேணும்.

தோழர்களே, மீம் போடுறது நம்ம வேலைதான். ஆனா இந்த வாரம் உங்க பூத்துல பத்து வீட்டுக்கு நேர்ல போங்க. சிலிண்டர் எத்தனை நாள் வருது, தீர்ந்தா எதுல சமைக்கிறீங்க, வீடு சொந்தமா வாடகையான்னு மூணே கேள்வி கேளுங்க. பேர், போன் நம்பர் வேண்டாம். பதிலை மட்டும் எழுதிக் கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. வார்டு வாரியாத் தொகுத்து கலெக்டர் மனுநாள்ல நாமளே நேர்ல கொடுப்போம்.



#அடுப்புக்குச்சுங்கமா #கப்பலூர்