மூணாறுக்கு ஒரு நியாயம், ஓசூருக்கு ஒரு நியாயமா?



கேரளத்து மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் தமிழாசிரியர் இல்லை என்று செய்தி வந்தால் தமிழ்நாடே கொதிக்கிறது. பெங்களூரில் ஒரு தமிழ் வகுப்பை மூடினால் கண்டன அறிக்கைகள் பறக்கின்றன. கொதிக்கட்டும், பறக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் படிக்கிற நம் எல்லையோர ஓசூர், தளி, தாளவாடி, திருத்தணி என்று வரும்போது மட்டும் அந்தக் கொதிப்பு ஏன் ஆறிப்போகிறது?

1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தன. எல்லைக் கோட்டைக் கிழித்தவர்கள் வீட்டுக்கு வீடு கேட்டுக் கிழிக்கவில்லை. தமிழகத்தோடு சேர்க்க மார்ஷல் நேசமணி போராடியும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு போயின. ம.பொ.சி. போராடிய திருத்தணி 1960இல் தமிழகத்துக்கு வந்தது. வந்தது மண் மட்டுமா? அங்கே தெலுங்கு பேசிக்கொண்டிருந்த குடும்பங்களும் சேர்ந்தே வந்தன. ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிக்குப் போய்ப் பாருங்கள். கன்னட நடிகர் ராஜ்குமாரின் காஜனூர் அங்கேதான் இருக்கிறது. ஊர் தமிழ்நாட்டு ஊர், வீட்டுப் பேச்சு கன்னடம். மண் வேண்டும், அந்த மண்ணில் வாழ்கிறவன் மொழி வேண்டாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

மாநிலங்களைப் பிரித்த அதே 1956இல்தான் அரசியல் சட்டத்தில் 350அ என்ற பிரிவும் சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. அதற்கும் முன்பே, 1949இல், மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடிக் கணக்கே சொல்லிவிட்டார்கள். ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள், அல்லது பள்ளி முழுவதும் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்கள் மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். யாரும் யாருக்கும் போடுகிற பிச்சை அல்ல இது.

ஏட்டில் இருப்பதை விடுங்கள், வகுப்பறைக்குள் வாருங்கள்.

ஒரே வளாகத்தில் தமிழ் வழியும் தெலுங்கு வழியும் நடக்கும் தொடக்கப் பள்ளி. தெலுங்கு வழிக்கு ஒரே ஆசிரியை என்றால், ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பும் அவர் தலையில்தான். செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில், பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்களே, அதில் ஒரு பக்கம் மூன்றாம் வகுப்புப் பையன் தெலுங்கில் கழித்தல் கணக்குப் போடுகிறான். பக்கத்திலேயே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழ் ‘அ’ எழுதிப் பழகுகிறது. அதன் வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. அந்த ஆசிரியை பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்குத் தெலுங்கு வகுப்பே இல்லை. அவர் பணி ஓய்வு பெற்று, அந்த இடமும் நிரப்பப்படாமல் கிடந்தால்? பள்ளியை மூட யாரும் ஆணை போட வேண்டியதில்லை. அதுவே மூடிக்கொள்ளும்.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தமிழ் கட்டாயமானது. நல்லது. ஆனால் சிறுபான்மைப் பிள்ளையின் தாய்மொழி எங்கே போனது? பாடத்திட்டத்தின் நாலாம் பகுதியில், விருப்பப் பாடமாக! பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2023இல் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான் அந்த ஆண்டுக்கு மட்டும் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு வாங்கினார்கள். வருடா வருடம் விலக்குக் கேட்டு ஓடுவது படிக்கிற பிள்ளைக்கு அழகா, படிக்க வைக்கிற அரசுக்குத்தான் அழகா?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2015இல் கர்நாடகம் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. 2017இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. அந்த இரண்டு மாநிலத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச நாம் வாயைத் திறந்தால், “முதலில் உங்கள் ஓசூரைப் பாருங்கள்” என்ற பதில் தயாராக இருக்கிறது.

“தமிழ்நாட்டில் பிழைக்கத் தமிழ் வேண்டாமா?” என்று கேட்கிறார்கள். வேண்டும். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகவும், தாலுகா ஆபீசில் மனு எழுதவும் தமிழ் இல்லாமல் ஆகாது. அதை அந்தப் பெற்றோரும் அறிவார்கள். தமிழைச் சொல்லிக்கொடுக்காதே என்று இந்த மேடை சொல்லவில்லை. பிள்ளையின் மொழி தெரிந்த ஆசிரியரை வைத்து, முதலில் பேச வைத்து, பிறகு எழுத வை என்றுதான் சொல்கிறது. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் வாரிசுகளுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டிய நிலை வந்ததே, அதுதான் வெட்கம்.

தெலுங்கு வகுப்பை மூடினால் தமிழ் வளரும் என்று யாராவது கனவு கண்டால் கலைத்துவிடுங்கள். அந்தப் பிள்ளை தமிழ் வகுப்புக்கு வராது; மஞ்சள் வேன் ஏறி ஆங்கிலப் பள்ளிக்குப் போகும். 2012 முதல் அரசுப் பள்ளியிலேயே ஆங்கில வழியைத் திறந்து வைத்திருக்கிறோமே! அந்த வாசல் வழியே வெளியேறுகிற வரிசையில் தமிழ்ப் பிள்ளைகளும்தான் நிற்கிறார்கள்.

ஆகவே அரசிடம் கேட்பது இரண்டே இரண்டு. எல்லை வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் தெலுங்கு, கன்னட, உருது, மலையாள ஆசிரியர் இடங்களை நிரப்புங்கள். அந்தப் பள்ளிகளுக்கு அனுப்பும் தமிழாசிரியர், பிள்ளைகளின் மொழியும் தெரிந்தவராக இருக்கட்டும்.  இவற்றைச் செய்துவிட்டு மூணாறுக்காகத் திருவனந்தபுரத்துக் கதவைத் தட்டுங்கள். தட்டுகிற கைக்கு அப்போதுதான் பலம் இருக்கும்.