படத்துக்கு முன் ஒரு வினா

நோயைத் தீர்ப்பது வைத்தியரின் தொழில். நோயாளியைக் காலமறிந்து வைத்தியரிடம் சேர்ப்பிப்பது அவருக்கு முன்னே நிற்பவரின் தொழில். கிராமங்களில் அவ்வாறு முன்னே நிற்பவர்கள் தாதியரும் மருத்துவமாதருமே. எக்ஸ் கதிர்ப்படத்துக்கோ ஸ்கேன் பரிசோதனைக்கோ எவரை அனுப்புவது, எவரை அனுப்பாதிருப்பது, அனுப்பும்போது யாது எழுதிக் கொடுப்பது என்பனவெல்லாம் இவர்கள் முறையாகப் பயில வேண்டியவை. ஒரு துண்டுக் கடிதத்தோடு முடிந்துவிடும் சிறு காரியம்போல இது தோன்றும். ஆயினும் உயிர்கள் அதிலே அடங்கியிருக்கின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே, அக்கரைப்பற்றை அடுத்துள்ள ஆலையடிவேம்பை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்து, நெல்வயலையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் பகுதி அது. பனங்காட்டில் ஒரு பிரதேச வைத்தியசாலை உண்டு. அக்கரைப்பற்றில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றால், கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. வைத்தியசாலைகள் உள்ளனவே, இன்னும் என்ன குறை என்று ஒருவர் வினவலாம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மக்கள் வாழும் அளிக்கம்பையிலிருந்து ஒரு கூலிப்பெண் பட்டணத்துக்குப் போய்வருவதானால், ஒரு நாட் சம்பளம் போகும். பஸ் கட்டணம் போகும். கைக்குழந்தையை அயல் வீட்டில் ஒப்படைக்க நேரும். வீணாக அனுப்பப்பட்டவள் மறுமுறை அவசியமாகப் போகச் சொல்லும்போது போகமாட்டாள். ஆதலால் அனுப்புகிறவரின் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருத்தல் வேண்டும்.

இலங்கையிலே மருத்துவமாதின் பணிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1879 இல் கொழும்பிலே டி சொய்சா பிரசவ வைத்தியசாலை நிறுவப்பட்டது. 1926 இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. அம்முறை நாடெங்கும் பரவவே, மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பதிந்து கவனிப்பது வழக்கமாயிற்று. எந்த வீட்டில் எவள் எத்தனை மாதம், எவளுக்கு முன்னைய பிரசவம் எவ்வாறு நிகழ்ந்தது என்பன அவள் அறிவாள். யந்திரம் எதனாலும் அறிய முடியாத செய்திகள் இவை.

கேட்டறிதலின் பெருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரிலே பேராசிரியர் றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உடலைக் கீறாமலே உள்ளே பார்க்கும் வழி கிடைத்தது. காலப்போக்கில் கருவிலுள்ள சிசுவின் நிலையையும் தாயின் இடுப்பெலும்பின் அளவையும் அறிவதற்குக் கர்ப்பிணிகளையும் கதிருக்கு உட்படுத்தும் வழக்கம் பரவியது. ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த அலிஸ் ஸ்ருவேட் என்னும் பெண் வைத்தியர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மாரிடம் கர்ப்பகாலத்தில் நிகழ்ந்தவற்றைக் கேட்டறிய ஏற்பாடு செய்தார். நலமாயிருந்த குழந்தைகளின் தாய்மாரிடமும் அதே வினாக்கள் கேட்கப்பட்டன. கருவுற்ற காலத்தில் வயிற்றில் கதிர்ப்படம் எடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குப் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்காக நேர்ந்ததென 1956 இலும் 1958 இலும் அவர் வெளியிட்டார். முதலில் பலர் நம்ப மறுத்தனர். எனினும் அவ்வழக்கம் காலப்போக்கில் கைவிடப்பட்டது. யந்திரம் காட்டாத உண்மையைத் தாய்மாரின் ஞாபகம் காட்டிற்று.

இதிலிருந்து பெறப்படும் முதற் பாடம் யாது? பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் ஒருத்தியை வயிற்றிலோ இடுப்பிலோ கதிர்ப்படம் எடுக்க அனுப்பும்முன், அவள் கருவுற்றிருக்கக் கூடுமா, கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கும் முறையும் ஒரு கல்வியே. மாமியாரும் கணவனும் அருகே நிற்க, வரிசையில் இருக்கும் நூறு பேர் காதில் விழக் கேட்டால், தமிழ்ப் பெண்ணாயினும் முஸ்லிம் பெண்ணாயினும் தலை குனிந்து “இல்லை” என்றே சொல்வாள். மணமாகாத பெண்ணின் நிலை இன்னும் இக்கட்டானது. தனியிடத்தில், தாழ்ந்த குரலில், “எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான்” என்று சொல்லிக் கேட்கும் தாதிக்கே உண்மை கிடைக்கும். பயிற்சியில் இதற்கென ஒரு நாள் ஒதுக்கினாலும் தகும்.

ஆனால் அச்சமும் மிகைப்படலாகாது. நெஞ்சுக் கதிர்ப்படம் ஒன்றால் கிடைக்கும் கதிர், மனிதர் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயல்பாகச் சில நாட்களிற் பெறும் அளவேயாகும். முறையாக எடுத்தால் கருவைச் சென்றடைவது மிகச் சொற்பம். வாரக்கணக்கில் இருமி, மாலையில் காய்ச்சல் கண்டு, உடல் மெலியும் கர்ப்பிணிக்குக் காசநோய் இருக்கலாம். “பிள்ளைக்கு ஆகாது” என்று அவளுக்குப் படம் மறுப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் செய்யும் தீங்கு. மாறாக, வயிற்றிலே எடுக்கும் சி.ரி. ஸ்கேன் ஒன்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகளின் இயற்கைக் கதிருக்குச் சமமாகக்கூடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பேதைமை.

மற்றொரு ஸ்கேன் ஒலி அலையால் இயங்குவது. கிளாஸ்கோவின் பேராசிரியர் இயன் டொனால்ட் முதலியோர் அதன் பயனை 1958 இல் வெளியிட்டனர். அதில் எக்ஸ் கதிர் இல்லை. கருவுற்ற 24 வாரத்துக்குள் ஒருமுறையேனும் இப்பரிசோதனை நடைபெற வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் பரிந்துரைத்தது. கர்ப்பகாலத்தின் கணக்கும் இரட்டைக் கருவும் சில குறைபாடுகளும் அதனாற் புலப்படும். ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எட்டாம் மாதத்தில் நோவின்றி இரத்தம் போகும் பெண்ணை, “ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா” என்று கடைத்தெருவிலுள்ள பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாகாது. நஞ்சுக்கொடி கருப்பைவாயை மறைத்திருக்கக் கூடும். கைவிட்டுச் சோதிப்பதும் அப்போது ஆபத்து. இரத்தம் ஏற்றவும் சத்திரசிகிச்சை செய்யவும் வசதியுள்ள வைத்தியசாலைக்கே அவளை வாகனத்தில் ஏற்ற வேண்டும். படம் அங்கே எடுக்கப்படும். படத்துக்காக உயிர் காத்திருக்கலாகாது.

அனுப்பாதிருப்பதற்கும் அறிவு வேண்டும். வயல் வரப்பில் சறுக்கிக் கணுக்கால் வீங்கி வருபவர் அனைவருக்கும் கதிர்ப்படம் தேவையில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வகுக்கப்பட்ட விதி இதற்கு உதவும். நான்கு அடி நடக்க இயலுமா, கணுக்காலின் இருபுறத்து எலும்புகளின் நுனியையும் பின்விளிம்பையும் விரலால் அழுத்தினால் நோகிறதா என்பன அவ்விதியின் முக்கிய வினாக்கள். நடக்கவும் இயன்று, எலும்பிலே நோவும் இல்லையாயின், கணுக்கால் எலும்பு முறிந்திருப்பது அரிது. பயிற்சி பெற்ற தாதியர் இவ்விதியைக் கையாண்டு வருகின்றனர். விரலொன்றும் வினாவிரண்டும் ஓர் ஏழையின் ஒருநாட் கூலியைக் காக்கின்றன.

இனி, அனுப்பும் கடிதத்தைப் பற்றி ஒரு சொல். “நெஞ்சுப் படம் எடுக்கவும்” என்று மட்டும் எழுதுவது கட்டளை. அது வினா அன்று. “மூன்று வாரமாக இருமல், மாலைக் காய்ச்சல், வீட்டில் முன்னர் ஒருவருக்குக் காசநோய், ஆறு மாதக் கர்ப்பிணி” என்றெழுதினால், படத்தைப் பார்க்கும் வைத்தியர் எதைத் தேட வேண்டுமென அறிவார். முன்னர் எடுத்த படம் உண்டானால் அதையும் கூட அனுப்புதல் நன்று. ஒரே படம் இருமுறை எடுக்கப்படுவது இதனால் தவிர்க்கப்படும்.

பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் சட்டவிதிகள், தகுந்த பயிற்சியும் நிறுவனத்தின் அங்கீகாரமும் பெற்ற தாதியரும் மருத்துவமாதரும் தாமே கதிர்ப்படத்துக்கு அனுப்ப இடமளித்தன. அனுப்புகிறவர் நோயாளியைப் பற்றிய தகவலுக்குப் பொறுப்பு. அப்படம் நன்மை தருமா எனத் தீர்மானிப்பவர் வேறொருவர். இலங்கையிலே படத்துக்கான படிவத்தில் வைத்தியரே ஒப்பமிடுவது வழக்கம். ஆயினும் ஒப்பம் எவருடையதாயினும், அதன் பின்னாலுள்ள செய்தி பெரும்பாலும் தாதியோ மருத்துவமாதோ கேட்டறிந்ததாகவே இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. கேட்பது, தொட்டறிவது, எழுதுவது, விரைவது, பொறுத்திருப்பது என்னும் ஐந்தையும் அங்கே பாடமாக்குவதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

கல்முனையிலே எத்தனை உயர்ந்த கருவி நிறுவப்பட்டாலும், அது தன் முன்னே கொணரப்பட்டவரை மாத்திரமே காணும். வாசற்படியில் அமர்ந்து, “மகளே, கடைசியாக எப்போது?” என்று மெதுவாகக் கேட்கும் மருத்துவமாது, இன்னும் கொணரப்படாதவளையும் காண்கிறாள்.