தேடலில் முதலில் நிற்பவன்



வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒருவன் போலி வங்கிப் பலகை தொங்கவிட்டால் மாலைக்குள் பிடிபடுவான். கூகுளில் அப்படியன்று. வங்கியின் பெயரைத் தேடும்போது உச்சியில் வருவது, காசு கொடுத்து இடம்பிடித்த விளம்பரமாக இருக்கலாம். அதைப் பொடியெழுத்தில் குறித்திருப்பார்கள், யார் பார்க்கிறார்? “முதலாவதா வந்ததுதானே தம்பி?” என்று என் தாயாரே கேட்டார்.

பூட்டுக் குறியும் போதாது. நீங்கள் அனுப்புவதை வழியில் எவரும் படிக்கமாட்டாரென்றே அது சொல்கிறது. வாங்குபவன் கள்வனா என்பது பூட்டுக்குத் தெரியாது. முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயரை எவனும் ஒட்டலாம். சாய்கோட்டுக்குச் சற்று முன்னே, கடைசியில் நிற்பதே வீட்டுக்காரன் பெயர்.

வட்டி அள்ளித் தருவதாகச் சொல்லும் புதிய நிறுவனமானால், மத்திய வங்கியின் உரிமம் பெற்றோர் பட்டியலைப் பாருங்கள். அவ்வங்கி 2023இல் தடைசெய்யப்பட்டவையென அறிவித்த பிரமிட் திட்டங்களுள் எம்.டி.எஃப்.ஈ.யும் ஒன்று. அதில் பணம் போட்டவர்கள் நம்மவரிடையேயும் உண்டு.

வாலிபர்களே, வங்கிக் கிளையில் கேட்டறிந்த முகவரியை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் நீங்களே பதிந்து கொடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தைப் போலித் தளத்தில் இட்டுவிட்டால் உடனே வங்கியை அழையுங்கள். அந்தத் தொலைபேசி இலக்கத்தையும் கூகுளில் தேடவேண்டாம்; அட்டையின் பின்புறத்தில் இருக்கிறது.