நம் இதழ்களுக்கு வலையில் ஓர் இடம்

(மன்றத்தின் திங்கட்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணம் பேச எழுந்து பழகிய என்னை, வலைத்தளத்திற்கு இடம் பிடிப்பது எவ்வாறு என்று பேசப் பணித்துள்ளீர்கள். ‘புலவருக்கு இது என்ன வேலை?’ என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. வேலை இருக்கிறது, ஐயா. ஒருமுறை இது தெரியாமல் நாம் இழந்தது சிறிதன்று.

பன்னீராண்டுகட்கு முன் நம் மன்றத்திற்கு ஒரு வலைத்தளம் இருந்தது, நினைவிருக்கும். என் மாணவன் ஒருவன், தமிழ்ப்பற்று மிக்கவன், தன் கைப்பணத்தைச் செலவிட்டு அமைத்துக் கொடுத்தான். நம் இதழ்களிலிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை இரவிரவாக விழித்துத் தட்டச்சிட்டு ஏற்றினான். பிறகு பிழைப்பின் பொருட்டு வெளிநாடு சென்றான். தளத்தின் பெயர் அவன் பெயரில், அவனுடைய பழைய மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறவாத அப்பெட்டிக்கே சென்றன. காலம் கடந்தது, பெயர் போயிற்று. இன்று அப்பெயரைத் தட்டினால் அயன்மொழிச் சூதாட்ட விளம்பரம் வருகிறது. கட்டுரைகட்கு வேறு படியும் இல்லை. அவனை நான் குறை கூறேன். அவன் பதிவு செய்தபோது அருகில் அமர்ந்திருந்தவன் நான். கேட்க வேண்டிய வினா இன்னதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதற்கண் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பெயர் வேறு, இடம் வேறு. களப்பெயர் என்பது மனையின் முகவரி. ஓம்பிடம் என்பது நாம் குடியிருக்கும் வீடு. வீட்டை மாற்றலாம், முகவரி நம்முடையதாயின் உறவினர் நம்மைத் தேடிக் கண்டுகொள்வர். ஆதலின் களப்பெயரை மன்றத்தின் பெயரிலேயே பதிவு செய்க. தனியாள் ஒருவரின் முகவரியன்றி, பொறுப்பாளர் மூவரேனும் திறந்து பார்க்கும் பொது மின்னஞ்சலைக் கொடுக்க. ஓம்பிடம் தருவோர் களப்பெயரை முதலாண்டு விலையின்றித் தருவதாகச் சொல்வர். வாங்கலாம், ஆயின் அதனைப் பிறரிடம் மாற்றிக்கொள்ளும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதைக் கேட்டபின் வாங்குக. உலகப் பொது ஈறுகள் கொண்ட பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் மட்டும் பன்மடங்காகும். அன்றே இதனை நாம் அறிந்திருந்தால்!

பெயரைத் தமிழெழுத்திலேயே வைத்துக்கொள்ளலாகாதா என்று இளைஞர் கேட்பர். வைத்துக்கொள்ளலாம். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்னும் நாட்டு ஈறுகள் தமிழெழுத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டன. உள்ளுக்குள் கணினிகள் அதனை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றியே கையாளுகின்றன என்பதும், தமிழெழுத்து முகவரியை ஏற்காத மின்னஞ்சல் செயலிகள் இன்றும் உள என்பதும் வருந்தத் தக்கவை. எனவே தமிழ்ப்பெயரை முகப்பிலும், ஆங்கில எழுத்துப் பெயரைக் கொல்லைப்புற வாயிலாகவும் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு அறிவுடைமை.

இனி வீட்டிற்கு வருவோம். தொடக்க நிலையினர்க்குக் கடைக்காரர் காட்டுவது பகிர்வு ஓம்பல். அது நம்மூர் ஒண்டுக்குடித்தனமே. ஒரே வழங்கிக் கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. பக்கத்து வீட்டில் திருமணக் கூட்டம் வந்தால் நமக்குத் தண்ணீர் குறையும். குடியிருப்போர் ஒருவர் குப்பையஞ்சல் அனுப்பினால் அதே முகவரியெண்ணைப் பகிரும் நம் அஞ்சலும் தடைபடலாம். ஆயினும் குடிக்கூலி மலிவு. கூரையை வேய்வதும் பூட்டைப் பழுது பார்ப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. நாளொன்றுக்குச் சில நூறு பேர் வந்து படித்துச் செல்லும் நம் போன்றோர்க்கு இதுவே போதும். தனி வழங்கி இன்றேல் தளம் வீழ்ந்துவிடும் என அச்சுறுத்துவாரிடம் வணக்கம் கூறி எழுந்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? இதனை நாமே கணக்கிட்டுக்கொண்டு போகவேண்டும். சேமிப்பின் அலகை எண்ணுண்மி என ஆக்கினோர் உளர். கடையில் பைட்டு என்றே விலை பேசுவதால் அப்பெயராலேயே சொல்கிறேன், பொறுத்தருள்க. ஒருங்குறியை இணையத்தில் எழுதும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. தமிழ் என்னும் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள்; ஆகப் பதினைந்து பைட்டு. ஓரிதழ் 32 பக்கம், பக்கத்திற்கு 1,500 குறி என்று கொண்டால், முப்பதாண்டு இதழ்கள் 360-உம் சேர்ந்து ஏறத்தாழ 52 மெகாபைட்டே. ஒரு கைப்பிடி! ஆனால் பழந்தாள்களைப் படமாக எடுத்து ஏற்றினால் 11,520 பக்கங்கள். பக்கத்திற்கு அரை மெகாபைட்டு என்றாலும் ஆறு கிகாபைட்டை நெருங்கும். ஆகப் பத்து கிகாபைட்டுத் திட்டம் நமக்குப் போதும். ‘வரம்பற்ற இடம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கற்க. வரம்பற்ற வட்டு உலகில் இல்லை. அடியில் சிற்றெழுத்தில் ‘முறையான பயன்பாடு’ என்றொரு விதியும், கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பும் இருக்கும்.

விலையில் ஒரு சூழ்ச்சி உண்டு. திங்களுக்கு இத்துணை உரூபா எனப் பெரிதாகக் காட்டப்படும் தொகை, மூன்று நான்கு ஆண்டுகட்கு முன்பணம் கட்டுவோர்க்கு உரியது. அத்தவணை முடிந்து புதுப்பிக்கும்போது அது இருமடங்கு மும்மடங்கு ஆவதுண்டு. இந்நாட்டில் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு தனி. முதல் விலையைப் பாராது புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். பூட்டுச் சான்றுக்குத் தனிக்கட்டணம் கேட்டால் கொடாதீர். 2015 இறுதி முதல் இலெட்சு என்கிரிப்டு அமைப்பு அதனை யாவர்க்கும் விலையின்றி வழங்கி வருகிறது. ‘99.9 விழுக்காடு நேரம் இயங்கும்’ என்பதன் பொருள், ஆண்டில் ஒன்பது மணி நேரம் வரை முடங்கலாம் என்பதே. நமக்கு அது பொருட்டன்று.

தமிழர்க்கே உரிய வினா ஒன்று உண்டு; கடைக்காரர் பலர் இதனைக் கேட்டிருக்கமாட்டார். தரவுத்தளம் நான்கு பைட்டு எழுத்தை ஏற்குமா? நம் மூதாதையர் நிலமும் நெல்லும் அளந்த முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகள் 2019-இல் வெளிவந்த ஒருங்குறிப் பதிப்பில்தான் இடம்பெற்றன. அவை பழந்தமிழ்க் குறிகளுக்கு அப்பால், நான்கு பைட்டுப் பகுதியில் உள்ளன. மூன்று பைட்டோடு நிற்கும் பழைய அமைப்பாயின், முந்திரிக் குறியைக் கண்ட அளவில் கட்டுரையை ஏற்க மறுக்கும். அன்றி எஞ்சிய பகுதியை அங்கேயே வெட்டி எறியும். கல்வெட்டுக் கட்டுரை பாதியில் நின்றால் யார் அறிவார்? இன்னொன்று. நம் சொற்றொகுதியைக் குறியெண் வரிசையில் அடுக்கினால் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும் நிற்கும். ளகரம் ழகரத்திற்கு முந்திவிடும். தொல்காப்பியர் காலந்தொட்டு மெய்களின் கடையில் நிற்பது னகரமன்றோ! தமிழ் நெடுங்கணக்கின்படி வரிசைப்படுத்த இயலுமா என்று தளம் அமைப்போரிடம் முன்னரே கேட்டு, பத்துச் சொல் கொடுத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

காப்புப்படியைப் பற்றி ஒரு சொல். வீட்டுக்காரர் வாரந்தோறும் எடுப்பதாகச் சொல்வர். அதனைத் திருப்பித் தரக் கட்டணம் உண்டா என்று கேட்க. சியோசிட்டீசு என்னும் பெருங்குடியிருப்பே 2009-இல் இழுத்து மூடப்பட்டது. விலையின்றி அங்கே குடியிருந்தோர் எண்ணற்றோர், எடுத்துக்கொண்டோர் தப்பினர். ஆகவே படி ஒன்று மன்றத்துப் பேழையிலும், ஒன்று வெளியூர் அன்பர் ஒருவர் வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

முதலில் ஓராண்டுக்கு மட்டுமே பணம் கட்டுவது என்றும், பொறுப்பினை மூவரிடம் விடுவது என்றும் செயற்குழு முடிவு செய்துள்ளது. பழைய இதழ்களைப் படமெடுக்கும் பணி வரும் திங்களில் தொடங்கும். நம் கட்டில் 1984-ஆம் ஆண்டின் மூன்று இதழ்கள் இல்லை. பரணிலோ பழம்பெட்டியிலோ யாரேனும் வைத்திருந்தால், கிழிந்திருப்பினும், கொண்டுவந்து தாருங்கள்.